கல்லுக்கடியில் கிடந்த மீன்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நான்தான் டீச்சர். கொழுந்து எடுக்கப் போகும் அம்மாக்கள் குழந்தைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டுமே என்று கண்ணாடித் தொட்டியில் கப்பி மீன்கள் வளர்த்தேன். ஹட்டன் டவுனில் வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் நானாவிடம் விரல் நீளத்தில் புது மீன் ஒன்றும் வாங்கி அதில் விட்டேன்.

"கடலோர ஆத்து மீன் டீச்சர், குளிரு தாங்காது" என்றார் நானா.

அது கல்லுக்கடியிலேயே ஒடுங்கிக் கிடந்தது. போட்ட தீனியைத் தொடவில்லை. பாவம், குளிர்தான் என்று தொட்டிக்கு மேலே பல்புகூட மாட்டினேன்.

கப்பிகள் நாளுக்கு நாள் குறைந்தன. தொட்டித் தண்ணீரை மாற்றுவது, உதவிக்கு இருந்த லெட்சுமி அக்கா. ஒருநாள் காலை, அம்மாக்கள் எல்லோரும் நிற்கும்போதே, "மீனையெல்லாம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா மறுநாள் காம்பராவுக்கு வராமல், கொழுந்து எடுக்க மலைக்குப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் பிள்ளைகள் தூங்கியதும் தொட்டியைப் பார்த்தேன். கல்லுக்கடியில் கிடந்த அந்தப் பாவப்பட்ட மீனின் வாயில் ஒரு கப்பியின் வால் துடித்துக்கொண்டிருந்தது.

கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு ஓடினேன். அதே அம்மாக்கள் முன்னால், "அந்தப் புது மீனுதாங்க அக்கா தின்னுருக்கு. என்னைய மன்னிச்சிருங்க" என்றேன்.

அக்கா கூடையை இறக்கி வைத்தார். "அது பசிக்குத் தின்னுச்சு. நீங்க எதுக்குங்க டீச்சர் அப்படிக் கேட்டீங்க?"

ஒரு மீனுக்குக் குளிருமே என்று பல்பு மாட்டிய எனக்கு, நாலு வருஷம் கூடவே இருந்தவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது தொட்டித் தண்ணீரை நான்தான் மாற்றுகிறேன்.