ஒரு போர் விமானமும் முக்கால் அடிச் சுவரும்

மண்ணெண்ணெய் வாசமும் வெயிலில் வெந்த தார்ப்பாயின் வாசமும், அவற்றுக்கு அடியில் எங்கோ கருகிய இரும்பின் வாசமும் கலந்து, ஒரு சித்திரை மாதக் காலையில் எங்கள் வீட்டுச் சன்னல் வழியாக உள்ளே வந்தது. ஸ்டவ்வை நான்தான் நோண்டிவிட்டேன் என்று வைதுகொண்டே அம்மா அடுக்களைக்கு ஓட, நான் வாசலுக்கு ஓடினேன். தச்சநல்லூரில் எங்கள் தெருவை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு விமானம் நின்றிருந்தது.

நான் அப்போது எட்டு வயதுச் சிறுமி. முழுப்பரீட்சை லீவு. வானத்தில் சோளப்பொரி அளவுக்குத் தெரியும் விமானத்தைப் பார்க்கவே சோற்றுத் தட்டை வைத்துவிட்டு மாடிக்கு ஓடுகிற பிள்ளைகளான நாங்கள், கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று வந்து நின்றதும் ஓடவும் தோன்றாமல் அப்படியே நின்றுவிட்டோம்.

விமானப் படையில் பல வருடம் பறந்து ஓய்வுபெற்ற ‘மிக்’ ரகப் போர் விமானம் அது. தெற்கே ஒரு பொறியியல் கல்லூரியில் காட்சிக்கு வைப்பதற்காக நீளமான டிரெய்லர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெரிய ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டியிருந்ததால் யாரோ எங்கள் தெருவைக் கைகாட்டிவிட, உள்ளே வந்த வண்டி, தெருமுனைத் திருப்பத்தில் சங்கரலிங்கம் அண்ணாச்சி வீட்டு மதில் சுவரில் மூக்கு உரசும் நிலையில் சிக்கிக்கொண்டது. பின்னால் வாய்க்கால் பாலம். முன்னோக்கி ஏறி வந்ததே பெரிய காரியம், பின்னோக்கி ஏறினால் வாய்க்காலுக்குள்தான் என்று டிரைவர் கையை விரித்துவிட்டார்.

அந்தச் சுவருக்கு ஒரு கதை உண்டு. பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி, முக்கால் அடி தெருவுக்குள் தள்ளி அதைக் கட்டிவிட்டார் என்று, தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்த என் அப்பா ஒரு மனு எழுதிப் போட்டிருந்தார். மனு எங்கோ தூங்கிப்போனது. ஆனால் எதிரெதிர் வீட்டுக்காரர்களான இரண்டு பேருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இப்போது விமானத்தோடு வந்த சார்ஜென்ட் டேப்பை வைத்து அளந்துவிட்டு, “முக்கால் அடி கிட்டினால் வண்டி போயிடும்” என்றதும் தெருவே என் அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அப்பா முகத்தில் ஒன்றையும் காட்டாமல் வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்தி, துண்டை வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்தார். “சத்தம் வெளிய கேக்கப்போவுது, பைய சிரிங்க” என்றாள் அம்மா, அவளும் சிரித்துக்கொண்டே.

சார்ஜென்டின் பெயர் சுகுமாரன், பாலக்காட்டுக்காரர். அண்ணாச்சியிடம் போய்க் கும்பிட்டு, சுவரைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா, திரும்பக் கட்டித் தருகிறோம் என்று கேட்டார்.

“ரெக்கையக் காணோம், ஒண்ணக் காணோம், இதையா ஏரோப்ளேன்ங்கீரு?” என்றார் அண்ணாச்சி. “இதுக்கு எஞ் சுவத்த இடிக்கச் சொல்லுதீரு!”

“இறக்கை முன்னாடியே வேற லாரியில் போயாச்சு, சேட்டா.”

“அப்பம் இதுவும் முன்னாடியே போயிருக்கணும்லா வே.”

சார்ஜென்ட் இரண்டாம் தடவை கேட்கவில்லை. நாலாம் நாள் கல்லூரியில் விழா. பெரிய கிரேனுக்குச் சொல்லியனுப்பியும் ஒரு வாரம் ஆகும் என்றுதான் பதில் வந்தது. வேறு யாராவது அண்ணாச்சியிடம் பேசப் போனாலும், “வேண்டாம், அது அவருடைய சுவர்” என்று தடுத்துவிட்டு, டிரெய்லர் நிழலில் பாயை விரித்துக்கொண்டார்.

எங்களுக்கோ அதைப்போல ஒரு லீவு வாய்த்ததில்லை. விமானம் வாயில் கவ்விக்கொண்டிருந்த கூம்பையும், இறக்கை கழற்றிய இடத்தில் துணி சுற்றிக் கிடந்த குழாய்களையும், நான் குனியாமலே உள்ளே போய்விடலாம் போலிருந்த வால் பக்கத்து ஓட்டையையும் காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்தோம். ‘தொடாதே’ என்று சொல்லாத பெரிய மனிதரை அன்றுதான் முதலில் கண்டோம். கையைக் கழுவிவிட்டுத் தொடச் சொன்னார் சார்ஜென்ட். தண்ணீர் லாரி உள்ளே வர முடியாமல் பெண்கள் குடத்தோடு தெருமுனைக்கு நடந்தாலும், ஒருத்தியும் விமானத்தைத் திட்டவில்லை. திட்டெல்லாம் சுவருக்குத்தான். அவருக்குக் காலை இட்லி எங்கள் வீட்டிலிருந்து போனது; மத்தியானச் சோறு அண்ணாச்சிக்குத் தெரியாமல் அண்ணாச்சி வீட்டுப் பின்வாசல் வழியாகப் போனது.

இரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணாச்சியே வெளியே வந்து, யாரையும் பார்க்காதவர்போல விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். நான் சக்கரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

“எத்தன பேரு போலாம் இதுல?”

“ஒருத்தர்.”

“ஒத்தை ஆளுக்கா இம்புட்டு பெரிய வண்டி! நீருதான் ஓட்டுனீரா?”

“இல்ல சேட்டா. நான் தரையில் நிற்கிற ஆள். ஏணி வெச்சு பைலட்டை ஏத்துவேன், பெல்ட் மாட்டுவேன், ஏணியை எடுத்துட்டுக் கீழே நிப்பேன். திரும்பி வர்ற வரைக்கும் வேற ஒரு வேலையும் ஓடாது. வானத்தையே பாத்துட்டு இருப்பேன்.”

“எல்லாத் தடவையும் வந்துட்டாவளா?”

“இந்த வண்டி எல்லாத் தடவையும் வந்தது” என்றார் சார்ஜென்ட், அதன் வயிற்றைத் தட்டிக்கொண்டே.

அண்ணாச்சியும் கையை நீட்டி அதைத் தொட்டார். பிறகு, “எம் பய துபாய்க்குப் போயி ஏழு மாசம் ஆவுது. திருவனந்தபுரத்துல பிளேன் ஏத்தி விட்டுட்டு வந்தேன். வந்தேன்னுதான் பேரு. நான் இன்னும் அங்கனயேதான் நிக்கேன்” என்றார். அப்புறம்தான் என்னைக் கவனித்து, “ஏட்டி, விளக்கு வைக்க நேரத்துல இங்கன என்ன சோலி உனக்கு?” என்று விரட்டினார்.

மறுநாள் காலையில் ‘ணங்’கென்று சத்தம். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடப்பாரையால் தன் சுவரைத் தானே இடித்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்த சார்ஜென்டைக்கூட விலகச் சொல்லிவிட்டார். ஆபீஸுக்குக் கிளம்பி நின்ற என் அப்பா சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நேரே போய்ச் செங்கற்களை அள்ள ஆரம்பித்தார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா, “பைய, அண்ணாச்சி. கால்ல விழுந்துரப் போவுது” என்றார். இரண்டு வருடத்தில் முதல் வார்த்தை.

“பேசாம அந்தக் கல்ல அங்கிட்டுப் பிடியும் வே” என்றார் அண்ணாச்சி.

பத்து மணிக்கு வண்டி உறுமியது. சார்ஜென்ட் பின்னோக்கி நடந்தபடியே கையசைக்க, இரண்டு விரற்கடை இடைவெளியில், அலுங்காமல் குலுங்காமல், ஒரு போர் விமானம் எங்கள் தெருமுனையில் திரும்பியது. நாங்கள் கத்திய கத்தில் வாய்க்கால் கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன.

சார்ஜென்ட் கொடுக்க வந்த பணத்தை வாங்காமல் அண்ணாச்சி சொந்தச் செலவிலேயே சுவரைத் திரும்பக் கட்டினார், முக்கால் அடி உள்ளே தள்ளி. “ஏர்போர்ஸுக்காவத்தான் தள்ளிக் கட்டுதேன். வேற எவனுக்காவவும் இல்ல” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்காத என் அப்பாவிடமும் சொன்னார். சுவர் எழுந்த அன்று சாயங்காலம் இருவரும் ஒன்றாகக் காப்பி குடித்தார்கள்.

இன்று அந்தத் தெருவில் அடுக்குமாடி வீடுகள். வாய்க்காலை மூடிவிட்டார்கள். அண்ணாச்சி இல்லை. அண்மையில் விமானப் படை அந்த ரகத்துக்கே மொத்தமாக விடைகொடுத்தது. கடைசியாகப் பறந்தவை வரிசையாகத் தரையிறங்குவதைச் சென்னையில் அப்பாவும் நானும் கைபேசியில் பார்த்தோம். அதை நான் அனுப்பிய பத்தாவது நிமிடம் துபாயிலிருந்து முத்துக்குமார் கூப்பிட்டான். அண்ணாச்சி மகன்.

“ஊரே பாத்துச்சு, நான் மட்டும் பாக்கல. எங்கப்பா சுவத்த இடிச்சத ஆரும் எனக்கு முழுசாச் சொன்னதில்ல. நீ சொல்லு.”

எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி திருவனந்தபுரத்தைப் பற்றிப் பேசியதை, சக்கரத்தடியில் உட்கார்ந்து நான் கேட்டபடியே சொன்னேன். அண்ணாச்சி அதை அவனிடம் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

“ஏட்டி,” என்றான், “அத மட்டும் இன்னொரு தரம் சொல்லு.”

சொன்னேன்.