சுவர் இல்லாதவனின் மின்சாரக் கெப்

என் பழைய கெப்பை நான் விற்றது டீசலின் மேல் இருந்த கோபத்தில். கோபத்தில் எடுத்த முடிவு என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தை ஊதிப் பெருக்கியது நான் மட்டுமில்லை.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எனக்கு ஒரு சின்னக் கடை. கதிரை, மேசை, தகரப் பந்தல், கிடாரம், தட்டு எல்லாம் விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். கலியாணம், சாமத்தியச் சடங்கு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று நாள் குறித்து வருபவை பாதி. மீதி செத்த வீடு. அது நாள் குறித்து வருவதில்லை. காலையில் போன் வந்தால் மதியத்துக்குள் நூறு கதிரை அவர்கள் வாசலில் விரித்திருக்க வேண்டும். அதனால் இந்தத் தொழிலில் கடையைவிட வாகனம் முக்கியம். முன்னால் நாலு பேர் இருக்க, பின்னால் திறந்த பெட்டியில் சாமான் அடுக்கும் கெப் ஒன்றுதான் பதினேழு வருடம் எங்களுக்குச் சோறு போட்டது.

நாட்டில் எரிபொருள் இல்லாமல் போன வருடம் மூன்று நாள் தொடர்ந்து வரிசையில் கிடந்தேன். கெப்புக்குள்ளேயே தூங்கி, யாரோ வீட்டுத் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவி, யாரோ தந்த பாணைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அந்த நேரம் பார்த்துத் தெரிந்த குடும்பம் ஒன்றில் தாயார் செத்துப்போனார். கதிரை கடையில், கெப் வரிசையில். ஒரு கைவண்டிக்காரரைப் பிடித்து முப்பது கதிரை அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. எனக்கு அது இன்றைக்கும் மாறாத வெட்கம்.

இந்தக் கதையை அண்ணனிடம் சொன்னதுதான் தொடக்கம். அண்ணன் டொரொன்டோவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் வருவார். அங்கே அவரும் ஒரு மின்சாரப் பிக்கப் வைத்திருக்கிறார். அதில் அவர் ஏற்றும் ஆகப் பெரிய சுமை கோடைகாலத்தில் இறைச்சி சுடும் அடுப்பு. போனைத் தூக்கிக்கொண்டு வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் போய், சுவரில் தொங்கும் வயரைப் பிடித்து வண்டியில் மாட்டிக் காட்டுவார்.

"இவ்வளவுதான்ரா தம்பி. படுக்கேக்க குத்து, எழும்பேக்க கழட்டு. போன் மாதிரி."

இதை அவர் ஒருதடவை சொல்லவில்லை. இரண்டு வருடம் சொன்னார். வாகன இறக்குமதி திறந்து, கொழும்பில் மின்சாரக் கெப்புகள் வரத் தொடங்கியதும், இனி டீசல் வண்டி வைத்திருக்கிறவன் முட்டாள் என்றார். என் மனைவி அந்தப் பக்கத்தால் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். வீடியோ முடிந்ததும் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அண்ணை சுவரில குத்துறார். நீங்கள் எங்க குத்தப் போறீங்கள்?"

கீழே பேஸ்மென்டில் எங்களுக்கென்று ஒரு வாகனத் தரிப்பிடம் இருக்கிறது, பக்கத்தில் தூண் இருக்கிறது, ஒரு எலக்ட்ரீஷியனைப் பிடித்தால் அரை நாள் வேலை என்றேன். பெரிய விஷயம் தெரிந்தவன் மாதிரிச் சிரித்தும் வைத்தேன்.

நாங்கள் இருந்தது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில். வீடு அண்ணனுடையது. வாங்கிப் போட்டுவிட்டு, பூட்டிக் கிடந்தால் பழுதாகிவிடும், நீ இரு என்று திறப்பைத் தந்தார். பன்னிரண்டு வருடம் இருந்தோம். குளியலறை ஒழுகியபோது ஓடு மாற்றினேன். இரண்டு தரம் பெயின்ட் அடித்தேன். அண்ணியின் ஆட்கள் லண்டனிலிருந்து வந்தால் பெரிய அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹோலில் பாய் விரித்தோம். ஒரு துண்டு எழுத்துக் கிடையாது. கூடப் பிறந்தவனிடம் எழுத்துக் கேட்பது எங்கள் ஆட்கள் மத்தியில் கை நீட்டி அடிப்பதற்குச் சமம். நானும் கேட்கவில்லை. அது என் வீடு என்றே நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

கெப்பை விற்றேன். மனைவியின் காப்பு இரண்டும் அதோடு போயின. புது வண்டியைப் பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தி, ஐயர் கற்பூரம் காட்டி, நாலு சில்லுக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார். மெல்ல நகர்த்தியபோது பழங்கள் நசுங்கும் சத்தம் தனித்தனியாகக் கேட்டது. பழைய டீசல் இஞ்சினில் அந்தச் சத்தத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்லக்கூடாது.

வண்டியையும் குறை சொல்ல வாய் வரவில்லை. நூறு கதிரையும் இரண்டு கிடாரமும் ஏற்றினாலும் களனிப் பாலத்து ஏற்றத்தில் முக்காது. காலி வீதி நெரிசலில் ஊர்ந்தாலும் எரிச்சல் வராது. சாமான் கூடினால் போகும் தூரம் குறையும், அதைப் பழகிக்கொள்ளலாம். ஒரே ஒரு கேள்விதான் நின்றது, அதையும் என் மனைவி முதல் நாளே கேட்டுவிட்டாள்.

எலக்ட்ரீஷியன் வந்து பேஸ்மென்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். பொதுப் பலகையிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும், தனி மீட்டர் வேண்டும், கட்டடக் கமிட்டியின் கடிதம் இல்லாமல் கை வைக்க முடியாது. கமிட்டிச் செயலாளர் ஐந்தாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மனேஜர். நல்ல மனிதர். ஆனால் முடிவு எடுப்பது அவர் இல்லை. எங்கள் கட்டடத்தின் வீட்டுக்காரர்களில் பாதிக்கு மேல் கனடாவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். லிப்ட் பழுது பார்ப்பது முதல் வாசல் பெயின்ட் வரை எல்லாம் அவர்களுடைய வாட்சப் குழுவில்தான் முடிவாகும். லிப்டில் ஏறாதவர்கள் லிப்டைப் பற்றி முடிவெடுப்பார்கள். நான் அந்தக் குழுவில் இல்லை. அண்ணன் இருக்கிறார், அது போதும் என்று விட்டுவிட்டேன்.

செயலாளரிடம் நான் கொடுத்த விண்ணப்பத்தைப் பற்றிக் குழு யோசித்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில் நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். கொட்டாஞ்சேனைக் கடையில் வயர் இழுத்துப் போட்டேன். பழைய லைன், பக்கத்து மில் மெஷின் ஓடத் தொடங்கினால் ட்ரிப் அடித்துவிடும். பம்பலப்பிட்டியில் ஒரு கட்டடத்தின் வாகனத் தரிப்பிடத்தில் விரைவாகச் சார்ஜ் ஏற்றும் இடம் இருந்தது. அங்கே எனக்கு முன்னால் பளபளவென்று நாலைந்து கார் நிற்கும். ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளே படம் பார்ப்பார்கள். கரி பிடித்த கிடாரத்தோடு நான் போய்ப் பின்னால் நின்றால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். டீசல் வரிசைக்குப் பயந்து ஓடி, காப்பையும் விற்று, இன்னொரு வரிசையில் போய் நின்ற விண்ணன் நான்.

அப்படி நின்ற ஒரு நாள்தான் பொரளையிலிருந்து போன் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தவறிவிட்டார், பின்நேரம் மூன்று மணிக்கு எடுக்கிறார்கள், நூறு கதிரை வேண்டும். முதல் நாள் கலியாண வீட்டிலிருந்து ஏற்றிவந்த கதிரை எல்லாம் பின்னால் அடுக்கித்தான் இருந்தது. வண்டியில் சார்ஜ் ஒன்பது வீதம். அதோடு சுமையை ஏற்றிக்கொண்டு அந்த வெயிலில், அந்த நெரிசலில் கிளம்பப் பயந்தேன். எனக்கு முன்னால் இரண்டு கார். ஒருவரிடம் போய்ச் செத்த வீடு என்று சொன்னேன். அவர் கண்ணாடியை இறக்கிக் கேட்டுவிட்டு, தனக்கும் அவசரம் என்று ஏற்றிவிட்டார். நான் பொரளை போய்ச் சேர்ந்தபோது சனம் ஒழுங்கை முழுக்க வெயிலில் நின்றது. வயது போனவர்கள் மதில் நிழலில் குந்தியிருந்தார்கள். செத்தவரின் மகன் என்னிடம் வந்தார். ஏசவில்லை.

"இனி இறக்க வேண்டாம் அண்ணை. பிரேதம் எடுக்கப் போறம்."

கட்டிய கயிற்றைக்கூட அவிழ்க்காமல் நூறு கதிரையையும் திருப்பிக் கொண்டுவந்தேன். பேஸ்மென்டில் ஒரு பிளக் இருந்திருந்தால் காலையில் நூறு வீதத்தோடு வெளிக்கிட்டிருப்பேன். இனி இன்னொரு செத்த வீட்டை இப்படிக் கைவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அன்றே செயலாளரிடம் போய், உடனே ஒரு முடிவு சொல்லுங்கோ என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே கேட்டேன்.

அவர் குழுவில் வாக்கெடுப்பு வைத்தார். அடுத்த ஞாயிறு காலை, நான் பேப்பர் வாங்கக் கீழே வந்தபோது என்னைக் கூப்பிட்டு லிப்டுக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். வேண்டாம் என்றுதான் கூடப் பேர் போட்டிருக்கிறார்கள் தம்பி, நெருப்புப் பிடிக்கும் என்று பயப்படுகிறார்கள் என்றார். யார் யார் என்று கேட்டேன். அவர் தயங்கினார். பிறகு, உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்று சொல்லிக்கொண்டு போனை என் பக்கம் திருப்பினார்.

எங்கள் வீட்டு இலக்கத்துக்கு நேரே அண்ணன் எழுதியிருந்தார். வேண்டாம். நெருப்பு ஆபத்து, பிறகு விற்கும்போது விலை அடிபடும். அதற்குக் கீழே இன்னொரு வரி. "என் பிளாட்டில் இருக்கிற ஆளுக்கு நான் சொல்லி விளங்கப்படுத்துகிறேன்."

தம்பி என்று எழுதவில்லை. ஆள்.

மேலே போய் மனைவியிடம் சொன்னேன். நான் எதிர்பார்த்த மாதிரி அவள் கத்தவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். வழக்கமான நேரத்துக்கு அண்ணனின் வீடியோ வந்தது. முகம் வழக்கம்போலச் சிரித்தது. நான் நேரடியாகக் கேட்டேன். ஏன் அண்ணை, நீங்கள்தானே வாங்கச் சொன்னீங்கள்.

"டேய், வண்டி உன்ர தொழில். வீடு என்ர சொத்து. ரெண்டையும் போட்டுக் குழப்பாத. பிள்ளையளும் வித்துப்போட்டு வாங்கோ எண்டு நிக்குதுகள்."

அவர் சொன்னதில் ஒரு சொல் பிழை இல்லை. அதுதான் என்னை அறுத்தது. சண்டை பிடிக்க ஒரு நியாயம் கிடைத்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பன்னிரண்டு வருடம் என் காசில் ஓடு ஒட்டியதும் பெயின்ட் அடித்ததும் அவருடைய சுவருக்கு. மின்சாரக் கெப் என்பது சுவர் உள்ளவர்களுக்கென்று செய்த சாமான். அதைப் போய் நான் வாங்கியிருந்தேன்.

அந்த மாதமே அண்ணன் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். கொட்டாஞ்சேனையில், கடைக்குப் பின் ஒழுங்கையில், நிலத்தோடு ஒட்டிய இரண்டு அறை வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. இருட்டு வீடு, கடற்காற்றும் இல்லை. வீட்டுக்காரர் வயதான கத்தோலிக்க மனிதர். வயர் இழுக்கலாமா என்று கேட்டபோது, நீங்கள் எழுதித் தாருங்கோ, நானும் எழுதித் தாறன் என்றார். எழுதிக் கையெழுத்து வைத்துக்கொண்டோம். இப்போது காலையில் நூறு வீதத்தோடுதான் வெளிக்கிடுகிறேன். ஆட்கள் கேட்டால் மின்சாரக் கெப் நல்லது என்றுதான் சொல்கிறேன். முதலில் வீட்டுப் பத்திரத்தைப் பாருங்கோ, பிறகு வண்டியைப் பாருங்கோ என்றும் சொல்கிறேன். பகிடி என்று நினைத்துச் சிரிக்கிறார்கள்.

போன மாதம் வீட்டை விற்க அண்ணன் வந்தார். விமான நிலையத்துக்கு வரச் சொல்லி என்னைத்தான் கேட்டார். போனேன். போகமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பின்னால் இரண்டு பெரிய சூட்கேஸ், முன்னால் அவர். அதிவேகப் பாதையில் ஏறியதும் கதவுக் கண்ணாடியை முழுதாக ஏற்றிவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டார்.

"பார், ஒரு சத்தம் இல்லை. நான் அப்பவே சொன்னனான்தானே."

ஓரமாக நிறுத்தி இறக்கிவிடலாமா என்று எனக்கு வந்த ஆத்திரத்தை இதற்கு முன் யாரிடமும் நான் சொன்னதில்லை. ஓம் அண்ணை என்றேன். வெள்ளவத்தையில் சூட்கேஸ்களை இறக்கி லிப்ட் வாசல் வரை தூக்கிக் கொடுத்தேன். மேலே வா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம் என்றார். இல்லை அண்ணை, சார்ஜ் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வண்டியில் எழுபது வீதம் இருந்தது.