இரண்டு விரல் பெரிய சப்பாத்து

என் முழங்கால் நொந்ததற்கு ஓட்டம் காரணமில்லை, சப்பாத்துத்தான் காரணம். பதின்மூன்று வயதில் இதைச் சொன்னதற்காக எனக்கு வாய்க்காரி என்று பெயர் வந்தது. இன்றைக்கும் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் குடும்பம் கூடுகிற இடத்தில் யாராவது ஒருவர் அந்தக் கதையை எடுக்காமல் விடுவதில்லை. எடுக்கட்டும். நான் சொன்னது சரி.

அப்போது நான் ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓடுகிறவள். பாடசாலைப் போட்டியில் முதலாவதாக வந்து, வலயப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் மருத்துவத்துக்குத் தெரிவானவர்கள் உண்டு, பொறியியலுக்குத் தெரிவானவர்கள் உண்டு, ஓடுவதற்குத் தெரிவான ஆள் அதுவரை ஒருவரும் இல்லை. இதைப் பெருமையாகச் சொல்வதா, சொல்லாமல் விடுவதா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அன்றைக்கே கனடாவில் இருக்கிற பெரியம்மாவுக்குப் போன் எடுத்துவிட்டார். பெரியம்மா அம்மாவின் ஒரே அக்கா. எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூட்டிலிருந்து அப்பா சவரம் செய்கிற மெஷின்வரை அவர் அனுப்பியவைதான். பிள்ளைக்கு நல்ல சப்பாத்து நான் அனுப்புகிறேன், காலை வரைந்து அளவைச் சொல்லு என்றார்.

கால் வரைவது எங்கள் ஆட்களின் வழக்கம். வெளிநாட்டுச் சொந்தம் சப்பாத்து அனுப்புவதென்றால் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, அதன்மேல் காலை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அளந்து சொல்வார்கள். அம்மா என்னைக் கதிரையில் இருத்தி அப்படித்தான் வரைந்தார். வரைந்து முடிந்ததும் பெருவிரலுக்கு முன்னால் தன்னுடைய ஒரு விரலைக் குறுக்காக வைத்து, அதற்கு அப்பால் இன்னொரு கோடு போட்டார். வளர்கிற பிள்ளையாம். அந்தக் கோடுவரை அளந்துதான் அக்காவுக்குச் சொன்னார். அங்கே அக்காவும் கடையில் நின்று, வளர்கிற பிள்ளைதானே என்று தன் பங்குக்கு ஒரு விரல் கூட்டி வாங்கியிருக்கிறார். தங்கை கூட்டியதை அக்காவுக்குச் சொல்லவில்லை, அக்கா கூட்டியதைத் தங்கைக்குச் சொல்லவில்லை. இரண்டு பேரும் சொல்லாமலே என்மேல் அன்பு வைத்துவிட்டார்கள்.

பார்சல் வந்த நாள் எங்கள் ஃபிளாட்டில் இருந்த அயலவர்கள்கூட வந்து பார்த்தார்கள். வெள்ளையும் ஊதாவுமாக, பேக்கரி அச்சுப் பாண் மாதிரி மொத்தமான அடியோடு, பார்க்க வடிவான சப்பாத்து. போட்டு நடந்தேன். கால் ஓரிடத்தில் நின்றது, சப்பாத்து இன்னோரிடத்தில் நின்றது. அம்மா முன்பக்கத்தில் பஞ்சை அடைத்து, லேசை இறுக்கிக் கட்டி, இப்போது அளவு என்றார்.

மூன்றாவது கிழமை நோ தொடங்கியது. முதலில் படி இறங்கும்போது மட்டும் முழங்காலுக்குள் யாரோ கிள்ளுகிற மாதிரி. பிறகு வகுப்பில் நெடுநேரம் இருந்து எழும்பும்போதும். எங்கள் வீடு மூன்றாம் மாடி. கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கியதை அம்மா கண்டுவிட்டார். அன்று பின்னேரமே ஒழுங்கை முனையில் இருக்கிற டொக்டரிடம் கூட்டிப் போனார். அவர் அமத்திப் பார்த்து, பூச ஒரு மருந்து எழுதி, கொஞ்ச நாளைக்கு ஓட வேண்டாம் என்றார். வீடு வந்து சேருவதற்குள் அந்தக் கொஞ்ச நாளை அம்மா ஆயுள்காலம் ஆக்கிவிட்டார்.

"பொம்பிளைப் பிள்ளை. முழங்கால் போனா நாளைக்கு என்ன செய்யிறது?"

"ஆம்பிளைப் பிள்ளைக்குப் போனா என்ன செய்வீங்களோ, அதைத்தான்."

அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். எங்கள் வீட்டில் அப்பாவின் அபிப்பிராயம் எப்போதும் பேப்பருக்குப் பின்னால்தான் இருக்கும்.

போட்டிக்கு நாலு கிழமை இருந்தது. நான் மைதானத்தில் சும்மா இருந்து பார்க்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். சும்மா இருக்கவில்லை. ஒருநாள் கூட்டாளி ஒருத்தி அன்று ஓடாததால் அவளுடைய சப்பாத்தைக் கேட்டு வாங்கிப் போட்டு இரண்டு சுற்று மெல்ல ஓடினேன். கிள்ளல் இல்லை. அடுத்தநாள் என்னுடையதைப் போட்டேன். வந்தது. அவளுடையது, என்னுடையது என்று ஆறு நாள் மாறி மாறி ஓடிப் பார்த்து, கணிதக் கொப்பியின் கடைசித் தாளில் நொந்தது, நோகவில்லை என்று எழுதினேன். விஞ்ஞான ரீச்சர் படிப்பித்ததை நான் வாழ்க்கையில் பயன்படுத்தியது அந்த ஒருமுறைதான். விளையாட்டு மிஸ் என் குதிக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். ஒவ்வொரு அடிக்கும் கால் உள்ளே வழுக்குகிறது, அதைப் பிடித்து நிறுத்துகிற வேலை முழுவதும் முழங்காலுக்குப் போகிறது என்றார். தொடைக்குப் பலம் வர, சுவரில் முதுகைச் சாய்த்துக் கதிரை இல்லாமல் இருக்கிற மாதிரி ஒரு பயிற்சியும் காட்டினார். வலயப் போட்டி என்ற சந்தோஷப் புளுகத்தில் ஒரே கிழமையில் சுற்றுகளை இரண்டு மடங்கு ஆக்கியதும் நல்லதல்ல என்றார். அந்தக் கடைசி விஷயத்தை நான் வீட்டில் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லி என் கட்சியை நானே கெடுக்க வேண்டுமா?

கொப்பியைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். டொக்டர் சொன்னதை மீறி ஓடியதற்கு முதலில் ஏச்சு விழுந்தது. பிறகுதான் பெரிய ஏச்சு.

"அக்கா வேலைக் களைப்போட கடை கடையா ஏறி இறங்கி வாங்கி அனுப்பினது. அதைக் குறை சொல்ல உனக்கு எப்பிடி மனம் வந்தது? நன்றி இல்லாத பிள்ளை!"

எனக்கு அழுகை வந்தது, கோபத்தில் வந்தது. சப்பாத்துப் பிழை என்றால் பெரியம்மா பிழை. பெரியம்மாவைப் பிழை சொல்ல முடியாது. அதனால் என் கால் பிழை, என் ஓட்டம் பிழை. இதென்ன நியாயம்? அம்மா சொல்ல மாட்டார் என்றால் நானே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மாவின் வீடியோ கோல் வரும். குடும்பம் முழுவதும் சோபாவில் வரிசையாக இருந்து, ஒவ்வொருவராகச் சுகம் விசாரித்து, அனுப்பிய சாமான் நல்லது என்று சொல்ல வேண்டும். என் முறை வந்தது. நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே வந்திருந்தேன். போனை வாங்கிக் கீழே பிடித்து, குதிக்குப் பின்னால் இரண்டு விரலை விட்டுக் காட்டினேன்.

"பெரியம்மா, இந்தச் சப்பாத்தாலதான் எனக்கு முழங்கால் நோகுது. ஓட்டத்தால இல்லை. அம்மா ஓட்டத்தை மறிக்கப் போறா. சப்பாத்தைச் சொல்ல அவவுக்குப் பயம்."

"ஐயோ கடவுளே!" என்று அம்மா போனைப் பறிக்க வந்தார். நான் விடவில்லை. அப்பாவின் பேப்பர் கீழே இறங்கியதை அன்றைக்குத்தான் கண்டேன்.

பெரியம்மாவின் முகம் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. கோல் இறுகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு கேட்டார்.

"படி இறங்கேக்கை கூடவோ?"

"ஓம்."

"கன நேரம் இருந்து எழும்பேக்கை பிடிக்குதோ?"

"ஓம்."

"முழங்கால் சிரட்டைக்குக் கீழை, உள்ளுக்கு, ஊசி மாதிரி?"

"ஓம், ஓம். அதேதான்."

வழக்கறிஞர் மாதிரி என்னை மடக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மடங்கக் கூடாது என்று நிமிர்ந்து நின்றேன். பெரியம்மா அம்மாவை முன்னுக்கு வரச் சொன்னார்.

"பிள்ளையின்ர ஓட்டத்தை மறிக்காதை. பிழை என்ரதான். நல்ல கடைக்குக் கூட்டிக்கொண்டு போ. காலமை போகாதை, பின்னேரம் போ, கால் அப்பதான் வீங்கி உண்மையான அளவில இருக்கும். எழும்பி நிண்டு பாக்கட்டும். குதி கழலக் கூடாது."

அடுத்தநாள் பின்னேரம் காலி வீதியில் ஒரு சப்பாத்துக் கடைக்குப் போனோம். முதல் சோடி நுனிக்காலில் வளையாமல் நடுவில் மடிந்தது. நல்ல சப்பாத்து நுனியில்தான் வளையும் என்று மிஸ் ஒருநாள் சொன்னதை நினைத்து வேண்டாம் என்றேன். இரண்டாவதற்கு அம்மாவின் விரல் தானாக நீண்டு பெருவிரல் பக்கம் போனது. நான் அதைப் பிடித்து மடக்கினேன். மூன்றாவது பொருந்தியது. கடைக்குள் நடந்து பார்த்தால் போதுமா? நான் நடக்கவா வாங்குகிறேன்? கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். "நங்கி! கொஹேத துவன்னே?" என்று கடைக்காரப் பெடியன் சிங்களத்தில் கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். தங்கச்சி, எங்கே ஓடுகிறாய் என்கிறான். களவாணி என்று நினைத்திருப்பான். சீலைக்கடைகளைத் தாண்டி, பஸ் தரிப்பிடம்வரை போய்த் திரும்பி வந்தேன். சனம் விலகி நின்று பார்த்தது. அம்மா வெட்கத்தில் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். "இதுதான்," என்றேன்.

மிஸ் சொன்னபடி ஒரு கிழமை ஓடாமல் சுவரோடு இருந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வலயப் போட்டியில் ஓடினேன். நாலாவதாக வந்தேன். நாலாவதற்குப் பதக்கம் இல்லை. ஆனால் முழங்கால் கிள்ளவில்லை, கடைசிச் சுற்றில் இரண்டு பேரைத் தாண்டினேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

நான் கம்பஸ் போன காலத்தில், ஒரு கலியாணத்துக்காகப் பெரியம்மா வந்தார். அதற்குள் எங்கள் ஃபிளாட்டுக்கு லிஃப்ட் வந்திருந்தது, அன்று அது பழுது. மேலே ஏறும்போது கதைத்துச் சிரித்துச் சமாளித்துவிட்டார். இறங்கும்போதுதான் கண்டேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினார். என்னக்கா இது என்று அம்மா பதறினார். பன்னிரண்டு வருடமாக ஒரு களஞ்சியசாலையின் கொங்கிறீற்றுத் தரையில் நின்றபடி பெட்டி அடுக்குகிறாராம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவருக்கு நல்ல வேலை என்பதுதான். எனக்கு அனுப்பியது ஓடுகிற சப்பாத்தே இல்லை. நாள் முழுக்க நிற்கிறவர்கள் போடுகிற சப்பாத்து. அங்கே வேலை செய்கிற பெண்கள் இதைப்போல நல்லது இல்லை என்பார்களாம். தனக்கு ஒரு சோடி வாங்க நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்ததை எனக்கு வாங்கினாராம்.

சப்பாத்தைப் பற்றி நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பி எடுக்க மாட்டேன். அது பெரிது, அது பிழை, எனக்கு ஓட வேண்டும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, உலகத்தின் மற்றப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு மனுஷி என் நோவை அது இருந்த இடத்திலேயே தொட்டுக் காட்டினார். மூன்றே கேள்விதான் கேட்டார். இவருக்கு இது எப்படித் தெரியும் என்று எனக்குள் ஒரு கேள்விகூட எழும்பவில்லை. வென்றுவிட்டேன் என்று போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி எறியப் போனேன்.