லுப்னா அழித்த பூக்கள்

தண்டையார்பேட்டை ஃப்ளெக்ஸ் கடையொன்றில் லுப்னா பதினோரு வருடமாக டிசைனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று அந்தப் பக்கத்துச் சுவர்களில் சிரிக்கும் முகங்களில் பாதி அவள் கைபட்டவை. பத்தடிப் பேனரில் அறுபது முகங்களை அடைத்துத் தருவாள். ஒரு தோஸ்து முகம் விட்டுப்போனாலும் கடை வாசலில் ரகளைதான். விரலகலம் இடம் காலியாகக் கிடந்தால் அவளுக்குக் கை அரிக்கும். ஒரு ரோஜாவையாவது வைத்துவிடுவாள்.

கொருக்குப்பேட்டை சுகிர்தம் அழுதுகொண்டு வந்த அன்றும் அந்தக் கைதான் வேலை செய்தது. சுகிர்தத்தின் கணவர் லோகநாதன் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாக மறதி. டீ குடிக்கப் போனவர் மறுநாளாகியும் வீடு திரும்பவில்லை. பதறிப்போன லுப்னா, அவசரத்துக்குக் கைக்கு வந்த பழைய டிசைனைத் திறந்தாள். முட்டை வடிவச் சட்டத்தில், மகள் கல்யாணத்தில் கோட்டு போட்டு எடுத்த படம், சுற்றிலும் பூ, கீழே உறவினர் பெயர்கள். 'காணவில்லை' என்ற சொல் பூக்களுக்கு நடுவே எங்கோ கிடந்தது.

போஸ்டர் ஒட்டிய மறுநாளே சுகிர்தம் திரும்பி வந்தாள்.

"மாலை எடுத்துகினு வூட்டுக்கு வர்றாங்கம்மா. 'எப்போ எடுக்கறீங்க'ன்னு கேக்கறாங்க. உசுரோட கீற மனுசனுக்கு இன்னாம்மா பண்ணி வெச்ச?"

லுப்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவரைத் தேடியிருக்க வேண்டிய கண்களெல்லாம், பாவம், போய்ச் சேர்ந்துவிட்டார் என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருக்கின்றன. சுகிர்தத்தின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பூக்களை ஒவ்வொன்றாக அழித்தாள். கோட்டுப் படத்தைத் தூக்கிவிட்டு, பேத்தி போனில் போன மாதம் எடுத்த படத்தை வைத்தாள்: நரைத்த தாடி, பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. மஞ்சள் பின்னணியில் கருப்பு எழுத்து. மேலே 'இவரைப் பார்த்தீர்களா?', கீழே கொட்டை எழுத்தில் போன் நம்பர். அவ்வளவுதான்.

கூட வந்திருந்த மருமகன் மதிக்கு மனசு ஆறவில்லை. "இம்மாம் எடம் சும்மா கீதே, எங்க பேருங்கள போடக்கூடாதா?"

"அண்ணா, பேரைப் படிச்சிகினு நின்னா யாரு நைனா மூஞ்சியப் பாப்பாங்க? அந்த எடம் சும்மாவே கெடக்கட்டும்," என்றாள் லுப்னா.

ஒரு பிரதியை எதிர்ச்சுவரில் ஒட்டச் சொல்லி, ஓடும் பஸ்களின் இடைவெளியில் இந்தப் பக்கமிருந்து பார்த்தாள். நம்பர் தெரியவில்லை. இன்னும் பெரிதாக்கிய பிறகுதான் அச்சுக்கு விட்டாள். அன்று அவள் சோறே தொடவில்லை.

புதுப் போஸ்டர் ஒட்டிய இரண்டாம் நாள் எண்ணூரிலிருந்து டெரிக் என்ற ஆட்டோக்காரர் போன் செய்தார். "வண்டி ஓட்டிகினே பாத்தேன்க்கா. அதே லுங்கி. டீக்கடையாண்ட உக்காந்துகினு கீறாரு."

லோகநாதனைச் சுகிர்தம் கடைக்கு அழைத்துவந்தாள். இளைத்திருந்தார். கடைச் சுவரில் இருந்த மஞ்சள் போஸ்டர் முன்னால் நின்றவர் அங்கேயே நின்றுவிட்டார். எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பாவம்மா, யாரு பெத்த புள்ளையோ," என்றார் லுப்னாவிடம். "கெடச்சிட்டாரா?"

சுகிர்தம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கெடச்சிட்டாரு நைனா," என்றாள் லுப்னா. "வூட்டுக்கு வந்துட்டாரு."