கதவைத் திறக்கப் பலம் கேட்டேன்

ஆண்டவரின் பிள்ளைகளே, எழுபத்தொன்றாம் வருடம் டிசம்பரில் சண்டை தொடங்கியபோது என் வீட்டுக்காரர் அந்தோணி காலாட்படைச் சிப்பாயாகக் கிழக்கு எல்லையில் இருந்தார். நான் ராயபுரத்தில், இரண்டு பிள்ளைகளோடு. வாரம் ஒரு கடிதம் போடுவார். சண்டை தொடங்கியதும் அது நின்றுபோனது.

நான் நாலாவதோடு பள்ளிக்கூடம் விட்டவள். அவர் கையெழுத்தை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். சுபாவத்திலேயே பயந்தவள். தெருவில் சைக்கிள் மணி அடித்தாலே தந்தி என்று பின்பக்கம் ஓடுவேன். சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். தெருவெல்லாம் பட்டாசு. எனக்குக் கடிதம் இல்லை. ஜெபமாலையை எடுத்தால் பாதியில் அழுகை வந்துவிடும்.

ஜனவரியில் ஒரு காலை, வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சந்து முனையில் ஒரு சிப்பாய், அக்குளில் கட்டையை ஊன்றி, என் வீட்டை விசாரித்தார். தனியாக வந்திருந்தார். உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டு, "ஐயோ, போயிட்டாரே!" என்று அலறினேன்.

எங்கள் சந்தில் ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வந்து கூட அழுவார்கள். நாலைந்து பெண்கள் வாசலில் மாரடித்து ஒப்பாரி தொடங்கிவிட்டார்கள். அந்த மனிதர் ஏதோ கத்துகிறார், ஒன்றும் கேட்கவில்லை.

எதிர்வீட்டு செல்லம்மா அக்கா கதவை இடித்தாள். "இன்னாமே, கால் ஒடஞ்சவன் வெயில்ல நிக்கிறான், கதவ சாத்திக்கினு கீறே! தொறடி!"

"அவன் வாயத் தொறந்தா என் தாலி போயிடும்க்கா!"

"அவன் வாய மூடிக்கினா மட்டும் போனவன் வந்துடுவானா?"

எனக்குக் கால் எழவில்லை. இத்தனை வாரமும் அவரைக் காப்பாற்றும் என்றே கேட்டவள், அன்று வேறொன்று கேட்டேன். "ஆண்டவரே, எது வந்திருந்தாலும் சரி. எழுந்துபோய்க் கதவைத் திறக்க மட்டும் பலம் கொடும்." நடுக்கம் நிற்கவில்லை. நடுக்கத்தோடேயே எழுந்தேன். திறந்தேன்.

"அரை மணி நேரமா கத்துறேன் அண்ணி, அண்ணன் உசுரோட இருக்காருன்னு! யாராச்சும் கேட்டாத்தானே?"

ஒப்பாரி சட்டென்று நின்றது. நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் துரைசாமி, வேலூர்க்காரர். அவர்கள் கம்பெனி ஒரு ரயில்மேட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் குண்டுமழையில் கிடந்ததாம். என் வீட்டுக்காரருக்கு வலது கை சிதைந்தது. இடது கையால் துரைசாமியை வயல்சேற்றில் இழுத்து வந்தாராம். ஆஸ்பத்திரியில் எழுதித்தர ஆள் இருந்தும் வேண்டாம் என்றாராம். "வேற கையெழுத்தப் பார்த்தா அவ பயத்துலயே செத்துடுவா. நீ லீவுல போறப்ப நேர்ல சொல்லு."

என் பயம்தான் கடிதத்தைத் தடுத்திருக்கிறது. வெட்கத்தில் அழுதேன்.

மார்ச்சில் என் வீட்டுக்காரர் வந்தார். வலது கையில் இரண்டு விரல்தான் மிச்சம். அந்தக் கையால் பிள்ளைகள் நெற்றியில் சிலுவை போட்டார். அந்தக் கம்பெனியில் எட்டுப் பேர் திரும்பவில்லை. அவர்கள் வீட்டிலும் ஜெபித்திருப்பார்கள். அது ஏன் என்று எனக்குத் தெரியாது; அவர்களுக்காகத் தினமும் ஜெபமாலையில் ஒரு மணி உருட்டுகிறேன்.

இன்றும் எனக்குப் பயம் வரும். ஓடி ஒளிவதில்லை. பயம் தெளிந்தபிறகு ஜெபிக்கலாம் என்று நீங்களும் காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே கேளுங்கள். என்னை அப்படித்தான் ஆண்டவர் எழுப்பினார்.