சத்திரத்துப் படத்தில் என் சித்தி

ஹார்லெம் நகரத்தில் என் சித்தி ஹில்லகொண்டின் பெயரைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகுதான் அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று வழி சொல்வார்கள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று ஒருவராவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

சித்தப்பா படகோட்டி. ஆற்றில் மூழ்கிச் செத்தார். அதன்பின் சித்தி, மாக்டெல்ட் என்ற மருத்துவச்சிக்குத் துணையாகப் போனாள். வெந்நீர் வைக்கப் போனவள், குறுக்கே கிடக்கும் பிள்ளையைக் கையாலேயே திருப்பும் அளவுக்குத் தேறினாள். மாக்டெல்ட்டுக்கு விரல்கள் முடங்கியதும் அந்த இடம் சித்திக்குத்தான் என்று தெருவே நினைத்தது. ஆனால் இங்கே நகரசபை முன் பிரமாணம் செய்தவள்தான் தனியாகப் பிரசவம் பார்க்கலாம். பெயர் கெட்டவளுக்குப் பிரமாணம் கிடையாது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு ஓவியர் மெல்கியோர் வந்தார்.

"ஹில்லாக்கா, சரிகை விக்கிற அம்மா ஒருத்திய வரையணும். ஒங்க வெள்ள முக்காடும் மொகமும் அப்பிடியே பொருந்துது. வந்து உக்காருங்களேன்."

சித்தி போய் உட்கார்ந்தாள். விலை கேட்பதுபோல உள்ளங்கையை நீட்டச் சொன்னார், நீட்டினாள். கை வலித்ததுதான் மிச்சம். அவர் வரைந்த பலகையின் முதுகைத் தவிர வேறெதையும் அவள் பார்க்கவில்லை.

படம் 'மூன்று மீன்' என்ற மதுச் சத்திரத்தின் சுவரில் ஏறியது. அதில் சரிகை இல்லை. மார்பு தெரிய ஒரு பெண். அவள் தோளில் கைபோட்டு, மதுக்கிண்ணத்தோடு சிரிக்கும் ஒரு குடிகாரன். நடுவில், அவன் தரும் காசுக்குக் கையை நீட்டியபடி என் சித்தி. அப்படிக் கை நீட்டும் கிழவி யாரென்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். பெண்களைக் கூட்டிக்கொடுப்பவள்.

நான் கிழக்கிந்தியத் துறைமுகமான பத்தாவியாவிலிருந்து கப்பலில் ஊர் திரும்பிய வாரம் அது. சித்தியோடு சந்தைக்குப் போனேன். மீன் விற்பவள் என்னைக் காட்டிக் கத்தினாள்:

"என்ன ஹில்லா, புதுச் சரக்கு வந்திருக்கு போல! கடல் தாண்டி வந்ததுன்னா வெல ஜாஸ்தியோ?"

எத்தனையோ துறைமுகங்களில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். சொந்த ஊரில் கேட்டது இதுதான் முதல் தடவை. சித்தி மீன் வாங்காமலேயே திரும்பினாள். நான் அவளை இழுத்துக்கொண்டு நேராக மெல்கியோர் வீட்டுக்குப் போனேன்.

அவர் தூரிகையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அட, அது நீங்க இல்லக்கா. அது பாவம். நான் பாவத்த வரைஞ்சேன். மொகம் மட்டும் ஒங்களோடது."

"மொகத்த மட்டும் கழட்டி வச்சிட்டா நான் தெருவுல நடக்கறது?" என்றாள் சித்தி.

"நானுந்தான் அதுல இருக்கேன்! அந்தக் குடிகாரன் யாருன்னு நெனச்சீங்க? கண்ணாடியப் பாத்து என்னையே வரைஞ்சிருக்கேன். என்ன யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

யாரும் சொல்லவில்லை. அந்த மாதமே அவரை ஓவியர் சங்கத்துக்குத் தலைவராக்கினார்கள்.

பனிக்காலத் தொடக்கத்தில் சித்தியை நகரசபைக்கு அழைத்தார்கள். நானும் துணைக்குப் போனேன். கறுப்பு உடுப்பும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக உட்கார்ந்திருந்தவர்களில் மூத்தவர் இதமாகவே பேசினார்.

"எங்களுக்கு ஒங்கமேல சந்தேகம் இல்லம்மா. ஆனா வலியில கெடக்கற பொண்ணு ஒங்க மொகத்தப் பாத்துச் சிரிச்சிட்டா?"

"வலியில யாரும் சிரிக்க மாட்டாங்க ஐயா. நீங்க பெத்ததில்ல, அதான் தெரியல."

அவர் முகம் சிவந்தது.

"அந்தப் படத்துல காசு குடுக்கறவர சங்கத் தலைவராக்கியிருக்கீங்க" என்றாள் சித்தி. "காசு வாங்கறவளுக்கு மட்டும் பேரு கெட்டுப்போச்சா?"

"அது கலைஞனோட குறும்பு" என்று இன்னொருவர் சிரித்தார். அறையே சிரித்தது. எதையாவது எடுத்து எறிய என் கை துடித்தது. சித்தி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிரமாணம் அல்க்மார் ஊர்க்காரி ஒருத்திக்குப் போனது. அவள் வந்து சேருவதற்குள் கால்வாய்கள் உறைந்தன, படகு நின்றது. பீப்பாய் செய்யும் வௌட்டரின் மனைவிக்கு வலி கண்டது. நகரசபைச் சேவகன் எங்கள் கதவைத் தட்டினான்.

"இன்னிக்கு மட்டும் பாத்துக்கச் சொன்னாங்க."

"போகாதே சித்தி" என்றேன். "அவங்களே வந்து பாக்கட்டும்."

"வலி அவங்களுக்காடி வந்திருக்கு?" என்று மேலங்கியை எடுத்தாள்.

பிள்ளை கால் முன்னே வந்தது. தாயின் அலறல் தெருமுனை வரை கேட்டது. சித்தி முழங்கை வரை ரத்தத்தோடு குனிந்தே நின்றாள். விடிந்த பிறகு பிள்ளை அழுதது. வௌட்டர் சித்தியின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு, பிள்ளை பிறந்தால் இங்கே தகப்பன் போட்டுக்கொள்ளும் இறகு வைத்த தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு வெளியே ஓடினான்.

மத்தியானம் நாங்கள் வீடு திரும்பும்போது சத்திரத்து ஜன்னலில் அவன் தொப்பி தெரிந்தது. கிண்ணத்தைத் தூக்கிப் படத்தைக் காட்டி ஏதோ சொன்னான். கூட்டம் மேசையைத் தட்டிச் சிரித்தது.

சித்தி உள்ளே போனாள். சிரிப்பு நின்றது. அவன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி மேசையில் வைத்தாள்.

"வீட்டுக்குப் போ வௌட்டர். ஒம் பொண்டாட்டி இன்னும் ஒண்ணும் சாப்பிடல."

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறினான். சித்தியும் பின்னாலேயே நடந்தாள். கதவு மூடியதும் எவனோ தொண்டையைச் செருமினான். நான் இன்னும் உள்ளேதான் நின்றிருந்தேன். மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார்கள்.