சலாலா மலையில் கேட்காமல் போன ஹாரன்

இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாதம் யோசித்தேன். பைக்கில் சலாலா போவது எப்படி என்று கேட்டு நாலைந்து பேர் பின்னூட்டம் போட்டுவிட்டீர்கள். எழுதிவிடுகிறேன். வழியும் சொல்கிறேன், நான் செய்த காரியத்தையும் சொல்கிறேன். திட்டுகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கல்ஃபில் வேலை. கராமாவில் எங்கள் ரூமில் ஆறு பேர். அதில் பைக் கிறுக்கு நாலு பேருக்கு. அல் கூஸில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருக்கும் ஸ்டீபன் அண்ணன்தான் தலைவர், நாகர்கோவில்காரர். ஒருநாள் டிவியில் தென் அமெரிக்க மழைக்காட்டுக்குள் ஒரு கூட்டம் சேற்றில் பைக் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். அன்றைக்கு ஆரம்பித்தது. பிரேசில் டிக்கெட் விலையைக் கேட்டதும் அமேசான் அப்படியே சலாலாவுக்குச் சுருங்கிவிட்டது. ஓமானின் தெற்கு மூலை. வளைகுடா முழுக்க வெந்துகொண்டிருக்கிற ஜூலை, ஆகஸ்டில் அங்கே மட்டும் சாரல், பச்சை மலை, பனிமூட்டம். “நம்மளுக்கு அதான்டே அமேசான்” என்றார்.

மற்றவர்கள்: கேமராவைக் கழுத்திலிருந்து இறக்காத தஞ்சாவூர் பாலா, தேராவில் அத்தர் கடை வைத்திருக்கும் கீழக்கரை ஜமால், அப்புறம் நான், முருகேசன். ஊர் அறந்தாங்கிப் பக்கம், வேலை ஸ்டோர் கீப்பர். ரூமில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தந்தி என்பார்கள். யாருக்கு விசா கேன்சல், யார் வீட்டில் சண்டை, எது நடந்தாலும் முதலில் என் வாயிலிருந்துதான் வெளியே போகும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

கீழக்கரையில் இருக்கும் ஜமாலின் மனைவி ரஹீமா அப்போது ஏழு மாதம். அவன் போவதில் அவருக்கு இஷ்டமே இல்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

“அண்ணே, நீங்க கூடப் போறீங்கன்னுதான் சரின்னு சொன்னேன். நீங்க ரொம்பப் பயந்தவங்கன்னு அவங்க சொல்லிருக்காங்க. பயந்தவங்க மெதுவாத்தானே ஓட்டுவீங்க. அவங்கள உங்க பின்னாலயே வரச் சொல்லுங்க.”

“நான் பொறுப்பும்மா, கவலைப்படாதீங்க” என்றேன். ஸ்டீபன் அண்ணன் வரிசையை அப்படியே அமைத்தார். முதலில் அவர், அடுத்து பாலா, மூன்றாவது நான், கடைசியில் ஜமால். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நான் இரண்டு ஹாரன் அடிக்க வேண்டும், பின்னாலிருந்து ஜமால் ஒரு ஹாரனில் பதில் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன், காலை 4.30க்குக் கிளம்பினோம். அல் ஐன் 140 கிலோமீட்டர். மெஸ்யத் பார்டரில் ஓமான் விசாவுக்கு ஆளுக்கு ஆறு ரியால். வண்டிக்கு ஓமான் இன்சூரன்ஸ் பேப்பர் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கிளம்புமுன் எடுத்துவிடுங்கள். இப்ரி, பஹ்லா வழியாக நிஸ்வா சேரும்போது மணி 12.15. வெயில் 46. ஹெல்மெட்டுக்குள் மூளை அவிகிறது என்று ஜமால் சொன்னான். ஒரு மலையாளி ஹோட்டலில் நாலு மணிவரை படுத்துக் கிடந்தோம்.

நிஸ்வாவிலிருந்து ஹைமா 310 கிலோமீட்டர். ஆதம் தாண்டியதும் ஒற்றைச் சாலை. இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை, மண்தான். எதிரே வரும் லாரி கடக்கும்போது காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளும். ஒவ்வொரு லாரிக்கும் நான் ஒருமுறை முருகா என்றேன். ஹைமா போய்ச் சேருவதற்குள் அவருக்கே அலுத்திருக்கும். பெட்ரோல் லிட்டர் 120 ஓமான் பைசாதான், ஆனால் பங்க் நூறு கிலோமீட்டருக்கு ஒன்று. பாதி டாங்க் இருந்தாலும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஹைமாவில் ரெஸ்ட் ஹவுஸ், நாலு பேருக்கு 15 ரியால். வாசலில் இருந்த பூத்திலிருந்து ஜமால் வீட்டுக்குப் பேசினான். நாலு பேரில் ரோமிங் இருந்தது என் போனில் மட்டும், அதில் பேசச் சொன்னால் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே வந்தான். “என்னடா கேட்டாங்க?” என்றேன். “தந்திக்கிட்ட சொன்னா அது கீழக்கரைக்கே திரும்பப் போயிரும், போடா” என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான்.

மறுநாள் காலை 5 மணிக்குக் கிளம்பி, கித்பித்தில் டீ குடித்து, 430 கிலோமீட்டர் கடந்து தும்ரைத் சேரும்போது 11.40. ஜமால் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்ததும் சாப்பிட்டு, 2.15க்குப் புறப்பட்டோம். சலாலாவுக்கு இன்னும் 80 கிலோமீட்டர்தான். ஒரு மணி நேரத்தில் ரூம், குளியல், தூக்கம் என்று நினைத்தேன்.

நாற்பதாவது கிலோமீட்டர் அருகில் சாலை இறங்க ஆரம்பித்தது. முதலில் குளிர்ந்த காற்று வந்தது, எல்லாரும் கையைத் தூக்கிக் கத்தினோம். அடுத்த வளைவில் சாலையைக் காணோம். பொய் சொல்லவில்லை, என் முன்சக்கரம் எனக்குத் தெரியவில்லை. பனி வெள்ளையாக முகத்தில் வந்து ஒட்டுகிறது, ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்தால் அடுத்த நொடியே மறைகிறது. தரை எண்ணெய் தடவினமாதிரி வழுக்குகிறது. ஓரத்தில் மரங்கள் இருந்தன, மரத்துக்குக் கீழே பள்ளம் இருந்தது. பள்ளம் எவ்வளவு என்று தெரியாததுதான் பெரிய பயம்.

இரண்டு ஹாரன் அடித்தேன், பின்னால் ஒன்று கேட்டது. மறுபடி அடித்தேன், கேட்டது. அப்போது ஒரு தண்ணீர் லாரி எங்களை உரசிக்கொண்டு முந்தியது.  அதற்குப் பிறகு பாலாவின் பின்விளக்கு என்ற அந்தச் சிவப்புப் புள்ளியைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. அதை விட்டால் செத்தேன் என்று ஒட்டிக்கொண்டு போனேன். ஹாரன் அடிக்க மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூட இல்லை, கைப்பிடியிலிருந்து விரலை எடுக்கப் பயம்.

3.30க்குச் சாலையோரம் அகலமான ஓர் இடத்தில் ஸ்டீபன் அண்ணன் நிறுத்தினார். பாலா நின்றான். நான் நின்றேன். பின்னால் யாரும் வரவில்லை.

“எங்கல அவன்?” என்றார் அண்ணன்.

“வந்துட்டுதான் இருந்தான்ணே.”

“கடைசியா எப்ப ஹாரன் கேட்ட?”

நான் என் ஹாரனை அழுத்தினேன். மூன்று பேரும் மாறி மாறி ஹாரன் அடித்தோம். பத்து நிமிடம், இருபது நிமிடம். பனிக்குள் சத்தம் போன மாதிரியே தெரியவில்லை. திரும்பி ஏறலாம் என்று அண்ணன் வண்டியை எடுத்தபோது, மேலிருந்து ஒரு பிக்கப் மெதுவாக வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. நம் லுங்கி மாதிரி கட்டிய ஒரு மலைவாசிப் பெரியவர் தலையை நீட்டினார். எங்கள் வண்டிகளைக் காட்டினார்.

“சதீக், ஃபோக் வாஹித் நஃபர். சேம் சேம் சைக்கிள்.”

நண்பா, மேலே ஓர் ஆள், இதே மாதிரி வண்டி என்கிறார். நான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். “ஜமால்? ஜமால்?”

“ஐவா, ஜமால்.” ஆமாம் என்று தலையாட்டி, கையை இரண்டு தடவை அசைத்தார். “ஜமால் மௌத். கலாஸ். மிஸ்கீன்.”

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் யாராவது இறந்தால் மௌத்து என்றுதான் சொல்வார்கள். கலாஸ் என்றால் முடிந்தது, மிஸ்கீன் என்றால் பாவம். எனக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியவர் இன்னும் ஏதோ சொன்னார், மேலே கையைக் காட்டினார். எதுவும் காதில் ஏறவில்லை. அவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பாலா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

போனை எடுத்தேன். பாறை மேல் ஏறினால் ஒரு புள்ளி சிக்னல் வந்தது.

“எல, யாருக்குப் போடுத?” என்றார் அண்ணன். “நேர்ல பாத்துட்டுச் சொல்லலாம், வையி.”

“நான் பொறுப்புன்னு சொல்லிருக்கேன்ணே.” அதுதான் சொன்னேன். ஆனால் உள்ளே இருந்தது அது மட்டுமில்லை. அந்தச் செய்தியைத் தனியாக வைத்துக்கொண்டிருக்க எனக்குப் பயமாக இருந்தது. யார் தலையிலாவது இறக்கி வைத்துவிட வேண்டும். ரஹீமாவின் அண்ணன் நசீர் காக்கா தேராவில் கடை வைத்திருக்கிறார். அவருக்குப் போட்டேன்.

“காக்கா, ஜமாலுக்கு ஆக்சிடென்ட். மௌத்துன்னு சொல்றாங்க காக்கா.”

“இன்னா லில்லாஹி...” என்று சாவுச் செய்திக்குச் சொல்வதை ஆரம்பித்தார். லைன் அறுந்தது. மணி சரியாக நாலு.

மூன்று பேரும் மேலே ஏறினோம். நாலு கிலோமீட்டருக்குப் பதினைந்து நிமிடம். வளைவு திரும்பியதும் சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய உடம்பு கிடந்தது. நீளமான கழுத்து. ஒட்டகம். அதற்கு அந்தப் பக்கம் புதரில் ஜமாலின் வண்டி.

“தந்தி, மெதுவா வாடா. வழுக்குது.”

மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். முழங்கால் கிழிந்திருந்தது, இடது கையை மடியில் வைத்திருந்தான், வலது கையில் பேரீச்சம்பழம். அந்தத் தண்ணீர் லாரி இவனை முந்தி, என்னைத் தொடுவதற்கு முன்பே நடுவில் குறுக்கே வந்த ஒட்டகத்தை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அதன்மேல் மோதாமல் இருக்க இவன் வண்டியைச் சாய்த்து வழுக்கிக்கொண்டே புதருக்குள் போயிருக்கிறான்.

“அந்தப் பெரியவர் தண்ணி குடுத்து, பழம் குடுத்து, அவர்தான்டா தூக்கி உக்கார வச்சாரு. கீழ உங்ககிட்ட சொல்லச் சொன்னேனே. ஒட்டகம் செத்துருச்சு, நான் இங்க இருக்கேன்னு. சொல்லலையா?”

ஒட்டகத்துக்கு அரபியில் ஜமல். கேட்கும்போது ஜமால் மாதிரியேதான் இருக்கும். ஐந்து வருடமாகக் கல்ஃபில் இருக்கிறேன், அந்த வார்த்தை எனக்குத் தெரியும். போர்டில்கூடப் பார்த்திருக்கிறேன். ஆனால் ரூமில் ஜமால் என்று ஒருவன் சட்டையை மடித்துக்கொண்டு நிற்கும்போது அது ஒட்டகமாக எப்படிக் கேட்கும்? பாலா அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். ஸ்டீபன் அண்ணன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார்.

“எல, போன்.”

அங்கே சிக்னல் இல்லை. நான் வண்டியை எடுத்தேன். வரும்போது எந்தச் சாலையில் விரலை எடுக்கப் பயந்தேனோ, அதே சாலையில் தனியாக, அந்த நாலு கிலோமீட்டரை எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. விழுந்துவிடுவேன் என்ற பயம் வரவில்லை. கீழக்கரையில் ஒரு வீட்டுக் கதவை யாரோ தட்டப் போகிறார்கள், அதற்கு முன் நான் போய்விட வேண்டும். அந்த ஒரு பயம்தான் இருந்தது.

பாறை மேல் ஏறிப் போட்டேன். நசீர் காக்கா லைன் பிஸி. மறுபடி பிஸி. ஏழாவது தடவை எடுத்தார்.

“காக்கா, தப்பு நடந்துபோச்சு. செத்தது ஒட்டகம் காக்கா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

 “ஜமால் இருக்கானா?”

“இருக்கான் காக்கா. இருக்கான்.”

“வீட்டுக்குச் சொல்லிட்டேனேடா” என்றார். “அவ பேச்சு மூச்சில்லாம விழுந்துட்டாளாம். இப்பத்தான் எழுப்பிருக்காங்க. இப்ப நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அவனப் பேசச் சொல்லு.”

ஸ்டீபன் அண்ணன் ஜமாலைப் பின்னால் உட்கார வைத்து இறக்கிக்கொண்டு வருவதற்குள் மணி ஐந்து ஆகிவிட்டது. ஊரில் ஆறரை. போனை யாரோ எடுத்தார்கள், பின்னால் பெண்கள் ஓதும் சத்தம். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம், அதனால் எல்லாம் எனக்குக் கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

“ரஹீமா, நான்தாம்மா.”

“யாரு?”

“மச்சான்தாம்மா பேசுறேன். எனக்கு ஒண்ணுமில்ல.”

“அவங்க மௌத்தாயிட்டாங்க” என்றார் ரஹீமா, மெதுவாக, வேறு யாருக்கோ எடுத்துச் சொல்வதுபோல. “நீங்க யாரு?”

ஜமால் போனை வாயருகே இழுத்துக்கொண்டான். அவன் என்னைப் பார்க்கவில்லை. “நேத்து ராத்திரி பூத்துலேருந்து பேசினேன்ல. சலாலாவுலேருந்து வெள்ளைச் சாம்பிராணி கேட்டீல்ல. புள்ள தலைக்குப் புகை காட்டன்னு. அந்தப் பயலுககிட்ட சொல்லாதீங்க, கேலி பண்ணுவாங்கன்னு சொன்னீல்ல.”

 பிறகு, “மச்சான்” என்றார். “வீட்டுல இப்ப அதத்தான் மச்சான் போட்டுருக்காங்க. வீடு பூரா புகையா இருக்கு.”

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சலாலா ஆஸ்பத்திரியில் ஜமாலுக்கு மணிக்கட்டில் கட்டுப் போட்டார்கள். ரஹீமாவை அன்றிரவு ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் நாங்கள் அருவி எதையும் பார்க்கவில்லை, ரூமில் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று சொன்ன பிறகுதான் சோறு இறங்கியது. ஜமாலும் நானும் ஞாயிறு பஸ்ஸில் திரும்பினோம், அவன் வண்டி பிக்கப்பில் வந்தது, 90 ரியால். என் வண்டியை இன்னொரு வாரம் பஸ்ஸில் போய் எடுத்து வந்தேன்.

போகிறவர்களுக்கு: தும்ரைத்திலிருந்து காலையிலேயே இறங்கிவிடுங்கள். நாலு வண்டி போனால் பயந்தவனைக் கடைசிக்கு முந்தி விடாதீர்கள், அவன் முன்னால் இருக்கும் விளக்கை மட்டும்தான் பார்ப்பான். எல்லாருக்கும் ரோமிங் போடுங்கள். பனியில் ஒட்டகம், மாடு இரண்டும் சாலை நடுவில்தான் நிற்கும், நகராது. கண்ணால் பார்க்காத சாவை யாருக்கும் போன் பண்ணாதீர்கள். அப்புறம், உங்கள் கூட்டத்தில் ஜமால் என்று ஒருவன் இருந்தால், அந்த மலையில் அவனை வேறு பெயரில் கூப்பிடுங்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ரஹீமா அதற்குப் பிறகு என்னிடம் பேசியதில்லை. ஜமாலின் போனை நான் எடுத்தால் கட் ஆகிவிடும். அவர்மேல் தப்பில்லை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஜமால் குளிக்கப் போயிருந்தான், அவன் போன் அடித்தது. நசீர் காக்கா. குரல் துள்ளிக்கொண்டிருந்தது, என் குரலைக் கேட்டதும் அடங்கியது. பிள்ளை பிறந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஆணா பெண்ணா என்று கேட்க வாய்வரை வந்தது, கேட்கவில்லை. அவரும் என்னிடம் சொல்லவில்லை.

“ஜமால் இருக்கானா?” என்றார்.

“இருக்கான் காக்கா” என்றேன். “இருக்கான்.”